நடவுக்கு முன் காரணம் தெரியட்டும்

ஆசிரியருக்கு,

முடி ஏன் கொட்டுகிறது என்று தெரியாமலேயே முடி நடவு சிகிச்சைக்கு நாள் குறிக்கிறார்கள். காய்ச்சலோ பிரசவமோ முடிந்து 2, 3 மாதம் கழித்துக் கொத்தாக உதிர்ந்தால், பெரும்பாலும் 6 மாதத்தில் தானே அடங்கும். ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்த்துவிட்டுப் பொறுத்திருக்கலாம். புழுவெட்டு என்றால் நட்ட முடியும் கொட்டக்கூடும்.

சிக்கலானது தழும்பு வழுக்கை, அதாவது மயிர்க்கால்கள் அழிந்து அந்த இடம் தழும்பாகிவிடும் நோய். தோல் வழவழப்பாக, மயிர்க்கால் துளையே தெரியாமல் இருக்கும். ஓரத்து முடிகளின் அடியில் சிவப்பும் செதிலும் காணும். 4 மி.மீ. தோல் துணுக்கை அந்த ஓரத்தில் எடுத்துச் சோதிக்க வேண்டும். நடுவில் எடுத்தால் வெறும் தழும்புதான் தெரியும். நோய் ஓயும் முன்பே நட்டால் வீண்.

நடுவதற்கு முடி எடுக்கும் பின்னந்தலையையும் டெர்மாஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பாருங்கள். அங்கேயும் முடி மெலிந்திருந்தால் நட்டது நிலைக்காது. வேரோடு எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. விளம்பரங்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

– தோல் மருத்துவர்