கம்பி வலைக்குப் பின்னால் ஒரு கேமராவுக்கு இடம் கொடுங்கள்: இளையோர் சாஃப்ட்பால் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த பருவத்துக்கான ஆட்ட நெறிமுறை வரைவில், மைதான வேலியில் எவ்வகைக் கேமராவையும் பொருத்தக் கூடாது என்ற வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 12 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடும் ஒரு பெண்ணின் தாய் நான்; அந்த அணியின் ஆட்டங்களைச் சிறிய ஆக்‌ஷன் கேமராவில் பதிவு செய்து பயிற்சியாளரிடம் கொடுத்து வருபவளும் நானே. அந்த வரியை இப்படியே நிறைவேற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். பிள்ளைகளின் படங்கள் எங்கே போய்ச் சேருமோ என்ற உங்கள் கவலையில் நானும் பங்கு கொள்கிறேன். ஆனால் அந்தக் கவலைக்குக் காரணமான பழக்கங்கள் வேறு, மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் அசையாமல் இருந்து முழு ஆட்டத்தையும் பதிவு செய்யும் ஒரு கேமரா வேறு. வரைவு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது.

இந்த வயதில் பந்தை வீசும் பிட்சர் ஹோம் பிளேட்டிலிருந்து நிற்கும் தூரம் பொதுவாக 40 அடி. மூத்த பெண்களுக்கு 43 அடி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 40 அடியைக் கடக்க அரை நொடிக்குச் சற்று கூடுதலான நேரமே எடுத்துக்கொள்கிறது. அதற்குள் பிள்ளை பந்தைக் கண்டு, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, காலை ஊன்றி, மட்டையைச் சுழற்றியாக வேண்டும். களத்தோரம் நிற்கும் பயிற்சியாளர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், இதில் பாதி அவர் கண்ணுக்குத் தப்பிவிடும். நொடிக்கு 30 ஃபிரேம் வீதம் எடுத்தால் அந்த அரை நொடிக்குப் பதினாறு படங்கள் கிடைக்கின்றன. 120 ஃபிரேம் வீதம் எடுத்தால் அறுபதுக்கும் மேல் கிடைக்கின்றன. எங்கள் அணியில் தொடர்ந்து பந்தைத் தவறவிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம், "பந்தைப் பார்த்து அடி" என்றே பெரியவர்கள் எல்லோரும் சொல்லி வந்தார்கள். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது அவள் தலை கடைசிவரை பந்தின் பக்கமே இருந்தது. பந்து பாதி தூரம் வந்த பிறகும் அவளுடைய முன்னங்கால் தரையைத் தொடவில்லை என்பதுதான் சிக்கல். அதைத் திரையில் விரல் வைத்துக் காட்டியவளும் அவளே. வேறு யாரும் சொல்லித் தெரிந்துகொள்வதற்கும் தானே கண்டுபிடிப்பதற்கும் அந்த வயதில் எவ்வளவு வேறுபாடு என்று, பிள்ளைகளோடு பழகும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. பெற்றோரின் கைபேசி பந்தைத் துரத்தும், அல்லது தம் பிள்ளையைத் துரத்தும். அகன்ற கோண லென்ஸ் உள்ள நிலையான கேமரா எதையும் துரத்துவதில்லை என்பதால், பந்து தன்னிடம் வராத பிள்ளைகளும் அதில் பதிவாகிறார்கள். மட்டை பிடிக்கும் பேட்டர் பந்தைத் தட்டிவிட்டு, முதலில் அடைய வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸை நோக்கி ஓடும்போது அங்கே காவல் நிற்பவள் பந்தை எடுக்க முன்னால் பாய்கிறாள். அவள் விட்டுப்போன இடத்தைக் காக்க செகண்ட் பேஸ்காரி ஓடுகிறாள். எறிபந்து கைதவறிப் போனால் தடுப்பதற்கென்று வெளிக்களத்தின் வலப்பக்கம் நிற்கும் ரைட் ஃபீல்டர் வெகுதூரம் ஓடிவருகிறாள். பத்தில் ஒன்பது முறை பந்து ஒழுங்காகக் கையில் விழுந்துவிடும்; ரைட் ஃபீல்டர் ஓடியதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அகன்ற கோணத்தில் அவள் சிறு புள்ளியாகத்தான் தெரிவாள், முகம் தெரியாது. ஆனாலும் அவள் ஒவ்வொரு முறையும் ஓடியிருக்கிறாள் என்பது தெரியும். பயிற்சியாளர் அணியின் முன்னால் அதைச் சுட்டிக்காட்டிப் பாராட்டும்போது அந்தப் பிள்ளையின் முதுகு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். வெளிக்களத்தில் நிறுத்தப்பட்டதைத் தண்டனையாக எண்ணிச் சோர்ந்துபோகும் பிள்ளைகள் எல்லா அணிகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை அனுமதிக்கலாம் என்பேன்.

இனி, கேமரா இருக்க வேண்டிய இடம். உங்கள் கவலைகளில் பெரும்பகுதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலுள்ள கம்பி வலையின் கண்ணிகள் பெரும்பாலும் 5 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் அதைவிடச் சிறியது. வலையை ஒட்டி வைத்தால் கம்பிகள் படத்தில் விழுவதில்லை. ஆனால் மட்டையில் பட்டு எல்லைக்கு வெளியே போகும் ஃபவுல் பந்து நேராகப் பின்னால் வந்து மோதும்போது வலை உள்வாங்கி அதிரும். ஆகவே கேமராவை வலையில் மாட்டாமல், வேலியின் இரும்புக் கம்பத்தில், வெளிப்புறமாக, லென்ஸ் வலையைத் தாண்டி ஆடுகளத்துக்குள் நீட்டாதபடி இறுக்க வேண்டும். பிடிப்பு கழன்றாலும் கீழே விழாமலிருக்க இன்னொரு வாரும் கட்ட வேண்டும். பேட்டரி ஒரு முழு ஆட்டத்துக்குத் தாங்காது என்பது உண்மைதான். அதற்காகத் தரையில் மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை. அதே கம்பத்தில் ஒரு சிறிய பவர் பேங்க் கட்டினால் போதும்.

உயரம் இன்னும் முக்கியமானது. தாழ்வாக வைத்த கேமராவில் அம்பயரின் முதுகுதான் பெரும்பாலும் தெரியும். அதோடு, பந்தைப் பிடிக்கப் பேட்டருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரையும் குனிந்து நிற்கும் பேட்டரையும் பின்னாலிருந்து கிட்டத்தில் காட்டும் கோணம் எந்தப் பெண்பிள்ளையின் பெற்றோருக்கும் ஏற்புடையதாக இருக்காது, எனக்கும் ஏற்புடையதல்ல. கேமராவை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி, நடுக்கோட்டிலிருந்து ஓரடி ஈரடி விலக்கி, அம்பயரின் தோளுக்கு மேலாகக் களத்தைப் பார்க்கும்படி சாய்த்தால் இரண்டு குறைகளும் ஒருசேர நீங்கும். குறைந்தபட்ச உயரம் இவ்வளவு என்று நெறிமுறையிலேயே எழுதிவிடுங்கள். அதை ஒவ்வொருவரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவைக்க வேண்டாம்.

தடை செய்ய வேண்டியவை உண்டு. பிள்ளைகளின் ஹெல்மெட்டிலோ உடலிலோ கேமரா மாட்டுவதை முற்றாகத் தடுத்துவிடுங்கள். ஹெல்மெட்டுக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்புச் சான்று, எதுவும் ஒட்டாத ஹெல்மெட்டுக்கு அளிக்கப்பட்டது. வெளிக்களத்திலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கி வைக்கும் கேமராவையும் தடுக்கலாம். எப்படி வீச வேண்டும் என்று கேட்சர் பிட்சருக்குத் தொடைகளுக்கு நடுவில் விரல்களால் காட்டும் சைகை பின்னாலிருந்து தெரியாது, முன்னாலிருந்து தெரிந்துவிடும். பதிவைக் காட்டி நடுவரோடு வாதிடுவதற்கும் இடம் தரக் கூடாது. உயரத்திலிருந்து ஒருபக்கமாகச் சாய்ந்து பார்க்கும் அகன்ற கோண லென்ஸ் கோடுகளை வளைத்துத் தூரங்களைக் குலைத்துவிடுகிறது; பந்து ஸ்டிரைக் எல்லைக்குள், அதாவது பேட்டர் அடிக்கக்கூடிய பகுதிக்குள், வந்ததா என்பதை அதில் பார்த்துச் சொல்ல முடியாது. ஆட்டம் முடியும்வரை பதிவை மைதானத்தில் யாரும் திறந்து பார்க்கக் கூடாதென்றும், எந்த முறையீட்டுக்கும் அது ஆதாரமாக ஏற்கப்படாதென்றும் எழுதுங்கள்.

ஒலியைப் பற்றி வரைவில் ஒரு சொல்லும் இல்லை, இருந்திருக்க வேண்டும். கம்பத்தின் கேமரா பார்வையாளர் இருக்கைகளுக்கு அருகில் இருக்கிறது. பந்தில் மட்டை படும் ஓசையைவிட அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் பேச்சே அதில் தெளிவாகப் பதிகிறது. அவுட்டாகித் தலைகுனிந்து திரும்பும் பிள்ளையைப் பற்றி இருக்கையில் யாரோ சலிப்போடு சொன்ன ஒரு வாக்கியம் களத்தில் அவள் காதில் விழுந்திருக்காது. வீட்டில் தன் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது விழும், போடும் ஒவ்வொரு முறையும் விழும். கற்றுக்கொள்வதற்கென்று கொடுத்த பதிவு அப்படியொரு காயத்தைச் சுமந்து போகக் கூடாது. ஒலிப்பதிவை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்த வழியில்லாத கேமராவாக இருந்தால், பகிர்வதற்கு முன் ஒலியை நீக்கிவிட வேண்டும். ஆட்டத்தின் நுணுக்கம் எதுவும் இதனால் குறையாது.

ஒப்புதல் என்பது பதிவுப் படிவத்தில் பெற்றோர் இடும் கையொப்பத்தோடு முடிந்துவிடக் கூடாது. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12ஆவது பிரிவிலும், அந்தரங்கத்துக்கான உரிமையை 16ஆவது பிரிவிலும் குழந்தைக்கு அளிக்கிறது. ஆகவே பிள்ளையையும் கேட்க வேண்டும். எதிரணியும் படத்தில் இருப்பதால் இரண்டு அணிகளின் ஒப்புதலும் வேண்டும். ஒரே ஒரு குடும்பம் மறுத்தாலும் அந்த ஆட்டத்தில் கேமரா ஓடக் கூடாது; காரணம் கேட்கவும் கூடாது, ஏனெனில் வெளியே சொல்ல முடியாத பாதுகாப்புக் காரணங்கள் சில குடும்பங்களுக்கு இருக்கும். பதிவை இரு அணிப் பயிற்சியாளர்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிட்டால், எதிரணியை வேவு பார்க்கிறார்கள் என்ற பேச்சுக்கும் வசதியுள்ள அணிக்கு மட்டும் பலன் என்ற மனக்குறைக்கும் இடமிருக்காது. பொது வெளியில் ஏற்றக் கூடாது. கோப்பின் பெயரில் பிள்ளைகளின் பெயரோ அடுத்த ஆட்டத்தின் இடமோ இருக்கக் கூடாது. பருவம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

எனவே, வரைவிலுள்ள அந்த வரியை நீக்கிவிட்டு, ஆட்டத்துக்கு ஒரே ஒரு நிலையான கேமரா, நீங்கள் குறித்த கம்பத்தில், குறித்த உயரத்தில், ஒலியின்றி, இரு அணிகளின் ஒப்புதலோடு என்று திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன். பருவம் தொடங்குவதற்கு முன், நடுவர்களின் பிரதிநிதி ஒருவரோடு மைதானங்களுக்குச் சென்று கம்பங்களில் இடம் குறித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். வாக்கெடுப்புக்கு முன் ஒரு முழு ஆட்டத்தின் பதிவைப் பார்க்கக் குழு விரும்பினால், அதிலுள்ள இரு அணிக் குடும்பங்களிடமும் தனியாக அனுமதி பெற்று, கூட்டத்துக்கே கொண்டுவந்து காட்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
12 வயதுக்குட்பட்டோர் அணி வீராங்கனை ஒருவரின் தாய்