ஓவர்டைம் காசு ஆட்டோவுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஊத்துக்குளிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் அடுத்த வாரத்துப் பெட்ரோலுக்குத்தான் எடுத்து வைக்கிறோம், அரிசி, பருப்பு, பிள்ளைகள் டியூஷன் எல்லாம் அப்புறம்தான். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது 2021-ல், அதற்குப் பிறகு வண்டி எடுப்பதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதே 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரிய உதவி, மனசாரச் சொல்கிறேன். ஆனால் அந்த பஸ் வேண்டிய நேரத்துக்கு வர வேண்டுமே! பக்கத்து வீட்டு அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வருவதற்குள் எங்கள் ஊர் பஸ் போய்விடுகிறது, மெயின் ரோடு வரைக்கும் வெளியூர் பஸ்ஸில் காசு கொடுத்து வந்து, அங்கிருந்து மூன்று பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடிக்கிறார்கள், ஓவர்டைமில் சம்பாதித்ததில் பாதி அதிலேயே போய்விடுகிறது. ராத்திரி நேரம், பொம்பளைப் பிள்ளைகள் நடந்து வரவும் முடியாது.

நாங்கள் புது பஸ்கூடக் கேட்கவில்லை. இருக்கிற டவுன் பஸ்ஸின் கடைசி நடையை ஷிப்ட் விடும் நேரத்துக்கு மாற்றி விடுங்கள், காலையில் எட்டு மணிக்கு முன்னால் ஒரு நடை சேர்த்து விடுங்கள். போக்குவரத்துக் கழக அதிகாரிகள் ஒரு நாள் ராத்திரி எங்கள் ஊருக்குப் பிரியும் மெயின் ரோட்டில் வந்து நின்று பார்க்கட்டும்.

- ஒரு வாசகர், ஊத்துக்குளி