பத்து மணிக் கூட்டமும் ஓட்டோக்காரரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் திருகோணமலையில் பதினேழு வருடமாக ஓட்டோ ஓடுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் காலையில் நிலாவெளி வீதிப் பக்கமிருந்து ஆறு பிள்ளைகளை ஏற்றி டவுனில் விடுவேன். (ஆறு பேரை ஏற்றுவது பிழைதான். அதைப் பற்றி வேறு யாராவது கடிதம் எழுதட்டும்.)

ஒக்டோபர் 1 சிறுவர் தினம் வந்தால் தொப்பி, பதாகை, ஊர்வலம், அப்புறம் மண்டபத்தில் சிறுவர் பாதுகாப்புக் கருத்தரங்கு. காலை பத்து மணிக்கு வைத்தால் யார் வருவார்கள்? தாய்மாரும் ஆசிரியர்களும்தான். தகப்பன்மார் அந்நேரம் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர், ரியூசன் மாஸ்டர், பஸ் கொண்டக்டர், நாங்கள் என்று பிள்ளைகளை நாள் முழுக்கக் காண்கிறவர்களை யாரும் கூப்பிட்டதேயில்லை.

நான் ஏற்றிய பிள்ளை ஒன்று. ஆணா பெண்ணா, எந்தப் பள்ளிக்கூடம் என்று எழுதமாட்டேன். மத்தியானம் முதலில் இறங்கவேண்டிய பிள்ளை, "மாமா, என்னைக் கடைசியா இறக்கிவிடுங்கோ" என்று கேட்கத் தொடங்கியது. ஓட்டோவில் சுற்ற ஆசையாக்கும் என்று நினைத்தேன். இரண்டு கிழமை இப்படியே போனது. ஒருநாள் ஒழுங்கை முனையில் இறங்காமல் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திருகிக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சொக்ஸைக் கீழே தள்ளிக் காலைச் சொறிந்தது. கெண்டைக்காலில் வயர் தடம்.

நான் நாலு நாள் வாய் திறக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் கோயில் தேரில் என்னோடு வடம் பிடிக்கிறவர். ஹயரும் போய்விடும். கடைசியில் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 க்கு அழைத்தது என் மனைவி. காசில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் கதைக்கலாம், பெயர் சொல்லவும் தேவையில்லை. நான்தான் பெயரைக் கொடுத்தேன். அதனால் வாக்குமூலத்துக்கு மூன்று தரம் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை வாங்கில் உட்கார வைத்துவிட்டு, "இன்றைக்கு ஐயா லீவு" என்றார்கள். ஸ்டாண்டில், "உனக்கேன் ஊர் வேலை" என்ற கதை வேறு.

பிள்ளையை வதைப்பது 1995 இலிருந்தே தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம் என்பதைச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் சொல்லித்தான் அறிந்தேன். வீட்டுக்குள்ளே நடப்பது வீட்டோடு என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை இப்போது அம்மம்மாவோடு இருக்கிறது.

இப்போது எங்கள் ஸ்டாண்டில் ஏழு ஓட்டோவில் 1929 ஒட்டியிருக்கிறது. மேலே அல்ல, சாரதி இருக்கையின் பின்பக்கம், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேரே. வாக்குமூலம் கொடுக்க ஒருவர் போனால் இன்னொருவர் கூடப் போவது, அன்றைக்கு அவருடைய ஹயரை மற்றவர்கள் ஓடிக் காசைக் கொடுப்பது என்றும் பேசி வைத்திருக்கிறோம். "ஊர் வேலை" என்றவரும் இதில் இருக்கிறார்.

பிரதேச செயலகத்தாருக்கும் கிராம சேவையாளர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சிறுவர் பாதுகாப்புக் கூட்டத்தைக் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து மாலை ஆறரைக்கு வையுங்கள். மண்டபம் வேண்டாம், கரையில் மீன் வாடியடியே போதும். ஸ்டாண்டில் இருவர், கடைக்காரர் ஒருவர், ரியூசன் மாஸ்டர் ஒருவர் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிளேன்ரீ எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஓட்டோ சாரதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.