மூன்று எண்ணும் வரை

எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

என் கணவர் பேச்சிழந்து ஆஸ்பத்திரியில் விழுந்தபோது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பதினோரு வாரங்களை மறுபடியும் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அவசியமும் இல்லை. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கிறார். வலது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு மெல்ல மெல்லத் திரும்புகிறது. இன்று காலை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். பத்தொன்பது வருடமாக அந்தக் குரலில் கேட்ட பெயர்தான். இன்றுதான் யாரோ எனக்கு அதைப் புதிதாகச் சூட்டியதுபோல இருந்தது.

மனசு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்த எதிர்வீட்டு அண்ணன், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு மாறி மாறி உட்கார்ந்திருந்த தோழிகள், என் பீரியடுகளைக் கேட்காமலேயே பங்கு போட்டு எடுத்துக்கொண்ட சக ஆசிரியர்கள், "லீவைப் பத்தி யோசிக்காதீங்க, போங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவைத்த தலைமை ஆசிரியை, கணக்குப் பார்க்காமல் பணம் அனுப்பிவிட்டு அதைப் பற்றி இன்றுவரை பேசாதவர்கள், வாரக்கணக்கில் என் மகனுக்குத் தங்கள் வீட்டிலேயே சாப்பாடு போட்டுப் படிக்க வைத்தவர்கள், ஊசி போடும்போதுகூட அவரைப் பெயர் சொல்லிப் பேசிய செவிலியர்கள், தன் மகனுக்காக அழவேண்டிய நேரத்தில் என் தலையைத் தடவிக்கொடுத்த என் அத்தை. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினாலும் போதாது. எதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் இந்த மடலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றி. அவள் பெயரை எழுத மாட்டேன், கூச்சப்படுவாள். படித்தால் அவளுக்கே தெரிந்துவிடும்.

அவர் வீட்டுக்கு வந்து ஒன்பதாவது நாள். நான் திருத்தவேண்டிய விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டுப் போக என் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்தார்கள். நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு பள்ளிக்கூடக் கதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் நேராகப் போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பெண். ஒரு வார்த்தை கேட்டால் பதில் வர நேரமாகும்.

"சார், எதைப் பாத்துட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகவே அப்படித்தான். அவ்வப்போது இடது கையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டி "அ… அது…" என்பார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பேன். வேண்டாம் என்று தலையாட்டுவார். விளக்கை அணைப்பேன். மறுபடியும் தலையாட்டுவார். போர்வையா, ஜன்னலா, ஃபேனா என்று வரிசையாகக் கேட்பேன். கடைசியில் கண்ணை மூடிக்கொள்வார். களைத்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அன்றும் அந்தப் பிள்ளை கேட்டதும் பதில் சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். "சாருக்கு இப்போ…" என்று ஆரம்பித்தபோதுதான் அவள் கையைப் பார்த்தேன். மடியில் வைத்திருந்த கையில், கட்டைவிரல் சுட்டுவிரலின் அடிக்கணுவைத் தொட்டது. நடுக்கணு. நுனிக்கணு. மறுபடியும் அடிக்கணு.

அது என்னுடைய பழக்கம். எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்றொரு அறிவியல் கல்வியாளர் இருந்தார். ஏராளமான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டு, 1974இல் அதைப் பற்றி எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடிதான். அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் நாமே சொல்லிவிடுகிறோம். அதை மூன்று வினாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, "தெரியாது" என்பது குறைகிறது, வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பிக்கிறார்கள். இன்னொன்றும் கண்டுபிடித்தார். நன்றாகப் படிக்கும் என்று நாம் நினைக்கிற பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறோமாம், பின்தங்கிய பிள்ளைக்குக் குறைவாக. எந்தப் பிள்ளைக்கு நேரம் அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைக்குக் குறைவாக! ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து கேள்வி கேட்டதும் சுட்டுவிரலின் மூன்று கணுக்களையும் கட்டைவிரலால் எண்ணிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவேன். மேஜைக்குப் பின்னால் கையை மறைத்துத்தான் எண்ணுவேன். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

இதே பிள்ளையிடம் போன பருவத்தில் ஒரு கேள்வி கேட்டேன். முக்காலில் எத்தனை அரை இருக்கிறது? சட்டென்று கை தூக்கியவர்கள் எல்லோரும் "ஒண்ணேகால்" என்றார்கள். ஒரு அரையை எடுத்தால் மிச்சம் கால், அதனால் ஒன்றேகால் என்று கணக்கு. அவள் கை தூக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவளைக் கேட்டேன். மூன்று எண்ணினேன். இன்னொரு மூன்று. வகுப்பு நெளிந்தது. மூன்றாவது தடவை எண்ணி முடிக்கும்போது சொன்னாள்: "ஒண்ணரை, டீச்சர். மிச்சம் கால்தான். ஆனா கால்ங்கிறது அரையில பாதி." இத்தனை வருடமாகப் பின்ன வகுத்தலுக்குத் தலைகீழாக்கிப் பெருக்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது ஏன் சரி என்பதை இவ்வளவு சுருக்கமாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு பெரிய ஆளா வருவா" என்றார்.

அந்தப் பெண்தான் இப்போது அவருக்காக எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். மற்ற பிள்ளைகளும் என்னவோ புரிந்ததுபோல அமைதியானார்கள். அவள் அவர் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை, பரிதாபமாகவும் பார்க்கவில்லை. அவர் பார்த்த திசையிலேயே தானும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை மூன்று ஆனதோ தெரியாது. அவர் தொண்டை அசைந்தது.

"க… கடி… காரம்." கொஞ்சம் இடைவெளி. "ஓட… லை."

நிமிர்ந்து பார்த்தேன். சுவர்க் கடிகாரம் நாலு பத்தில் நின்றுகொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ.

"ஆமா டீச்சர், நிக்குது!" என்றாள் அவள். ஸ்டூலில் ஏறிக் கழற்றினாள், பேட்டரி மாற்றினாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தாள், "சரியா இருக்கா சார்?" என்று அவரிடமே காட்டினாள். அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் ஏறும் இப்போது. அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. பிள்ளைகள் போனபிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். அவர் இரண்டு நாளாக என்னிடம் தெளிவாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் தண்ணீர் தண்ணீர் என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

பேச்சுப் பயிற்சி தருபவர் முதல் நாளே சொன்னார். அவருக்கு அறிவு அப்படியே இருக்கிறது, சொல்தான் வழி தேடுகிறது. சத்தம் போட்டுப் பேசாதீர்கள், காது நன்றாகவே கேட்கும். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தேன், கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன். அன்பு மிகுந்து போனால் கை முந்துகிறது, வாயும் முந்துகிறது. அவர் திணறுவதைப் பார்க்க முடியாமல் நானே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் தெரிந்த பாடம் வீட்டில் எனக்குத் தெரியவில்லை.

தூக்கம் வராத இரவுகளில் இதைப் பற்றி நிறையப் படித்தேன். 1861இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் இப்படிப் பேச்சிழந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். "டான்" என்ற ஓர் அசையைத் தவிர அந்த மனிதரால் அநேகமாக எதுவும் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் பேசுவது புரிந்தது. 21 வருடம் மருத்துவமனையிலேயே இருந்தார். அத்தனை வருடத்தில் யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வீட்டில் சாயங்காலப் பயிற்சி மகன் பொறுப்பு. கிழமைகளை வரிசையாகச் சொன்னால் அப்பாவுக்குத் தடையில்லாமல் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்றும் அப்படித்தான். ஆனால் "எத்தனை மணி?" என்று கேட்டால் ஐந்து என்ற ஒரு சொல் தனியாக வராது. ஒன்றில் தொடங்கி ஏறி வந்து ஐந்தில் நிற்கிறார். மகன் அவரோடு சேர்ந்து ஒன்றிலிருந்து ஏறுகிறான். சமையலறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். இதைவிட இனிமையான வாய்ப்பாடு நான் கேட்டதில்லை.

அப்புறம் ஒன்று. முன்பெல்லாம் நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும்போது இவர் செய்தித்தாளில் இருந்து எதையாவது வாசித்து "இங்க பாரேன்" என்பார். நான் தலை நிமிராமல் "ம்ம்" என்பேன். ஜான் காட்மன் என்ற உளவியலாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு வருடம் கழித்து மறுபடி பார்த்தார். இப்படிச் சின்னச் சின்னதாக ஒருவர் கூப்பிடும்போது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 86 தடவை திரும்பிப் பார்த்திருக்கிறார்கள், பிரிந்தவர்கள் 33 தடவைதான். எங்கள் திருமணம் நல்ல திருமணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் விட்ட "இங்க பாரேன்" ஒவ்வொன்றையும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இனி அவர் கூப்பிட்டால் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் திரும்புவேன். நோட்டு காத்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு வருகிறேன். என் வகுப்பை இத்தனை நாள் பார்த்துக்கொண்ட உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பாதி நாள்தான் வர முடியும், மீதி நேரம் அத்தை இவரைப் பார்த்துக்கொள்கிறார். முதல் பீரியட் ஏழாம் வகுப்பு, விகிதம் நடத்த வேண்டும். இரண்டு நாளாக அதற்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இவ்வளவு ஆசையாக ஒரு பாடத்துக்கு நான் தயாரானது வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில்தான்.

கண்ணு, நீ சனிக்கிழமை வீட்டுக்கு வா. சார் உன்னிடம் ஏதோ கேட்கணுமாம். என்னவென்று காலையில் சொல்ல ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு…" என்பது வரை வந்திருக்கிறது. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.