டம்ளர் ஓட்டை

அன்பு மகளுக்கு,

ஆத்தங்குடியிலிருந்து அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததும் எனக்கு வார்த்தை வரவில்லை. 'சரி, விடம்மா' என்று சொல்லி வைத்துவிட்டேன். விட்டுவிடுகிற விஷயம் இல்லை என்று இரவெல்லாம் மனது அடித்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக்காக நீ பாடம் எடுக்கப் போன நான்காம் வகுப்பு, ஆவி சுருங்குதல் பாடம். ஐஸ் போட்ட டம்ளரை மேசைமேல் வைத்தாய். வெளிப்புறம் துளிர்த்ததும், 'இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டாய். பின்வரிசைப் பையன் ஒருவன், 'டம்ளர் ஓட்டை, டீச்சர்' என்றான். வகுப்பே சிரித்தது. 'தவறு' என்று அவனை உட்காரச் சொல்லிவிட்டு, காற்றில் உள்ள நீராவி குளிர்ந்து நீராகிறது என்று கரும்பலகையில் எழுதினாய். அதன்பிறகு ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. பாடத்தைப் பார்வையிட வந்தவரும் குறை எழுதிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவுதானே?

அம்மாடி, அந்தப் பையன் சொன்னது எனக்கு நல்ல பதிலாகவே படுகிறது. கசிகிற குடத்தை எங்கேயோ பார்த்திருப்பான். வெளியே ஈரம் என்றால் உள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று, கண்ணால் கண்டதை வைத்துச் சொன்னான். கண்ணுக்கே தெரியாத ஒன்று காற்றிலிருந்து வந்து ஒட்டுகிறது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளை எப்படி நம்பும்? சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு வேறு பதில் தெரிந்திருக்கும்?

எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை. பதினாறு வயதில் தரைக்கல் பட்டறைக்கு வந்தேன். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சைப் பூப்போலத் தூக்கி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்கிற வேலை ஒரே வருடத்தில் கைக்கு வந்துவிட்டது. நம் கல்லைச் சூளையில் சுடுவதில்லை, தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுகிறோம் என்பதும் தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. சிமெண்ட் காய்ந்து கெட்டியாகிறது, தண்ணீர் விடுவது சூட்டைத் தணிக்க என்று இருபது வருடம் நினைத்திருந்தேன்.

காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்குக் கல் வாங்க வந்தார். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. 'ஒரே கலவையில் இரண்டு கல் போடுங்கள். ஒன்றைத் தொட்டியில் வையுங்கள், ஒன்றை வெயிலில் வையுங்கள். அடுத்த வாரம் வருகிறேன்' என்றார். வெயிலில் கிடந்த கல்லின் விளிம்பை நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. ஊறிய கல்லில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. பிறகுதான் விளக்கினார்: சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வேறு பொருளாக மாறி இறுகுகிறது. வெயில் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் வேலை பாதியில் நின்றுபோகும். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன்.

நேற்றுச் சாயங்காலம் உன் பாடத்தை அம்மாவும் நானும் அடுக்களையில் செய்து பார்த்தோம். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர். இரண்டிலும் பீட்ரூட் சாறு கலந்த தண்ணீர், ஒன்றில் மட்டும் ஐஸ். வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஐஸ் போட்டது முதலில் மூச்சுப் பட்ட கண்ணாடிபோல மங்கியது. பிறகு பொட்டுப் பொட்டாகத் துளிகள். இரண்டு துளி சேர்ந்து ஒன்றாகி அடிவரை ஓடியது. அம்மா என் வெள்ளைத் துண்டின் நுனியால் ஒற்றி எடுத்தாள். துண்டு நனைந்திருந்தது, சிவக்கவில்லை. ஐஸ் போடாத டம்ளரோ உலர்ந்தே நின்றது.

உடனே அம்மா, 'மேல்வழியாக ஏறி வந்திருக்காதா?' என்று கேட்டாள். உன் வகுப்பிலும் ஒரு பிள்ளை கேட்கும். மூடி போட்டு மறுபடி செய்தோம், அப்போதும் துளிர்த்தது. நீயும் விளிம்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு, மூடியும் எடுத்துப் போ. காற்று வறண்ட நாளில் துளிர்க்க நேரமாகும், ஐஸ் கூடுதலாக இருக்கட்டும்.

பாடக்குறிப்பில் மாணவர் விடைக்கான இடத்தில் சரியான விடையை மட்டும் எழுதுகிறாய் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் வேறு என்னென்ன சொல்லக்கூடும், ஒவ்வொன்றையும் எப்படிச் சோதித்துப் பார்க்க வைப்பாய் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வை. மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்லமாட்டேன். இரண்டு வருடப் படிப்பு, அதற்கு மேல் தகுதித் தேர்வு, உன் பாரம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த வகுப்பு வாயை மூடிக்கொண்டதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

அம்மா சீப்புச் சீடை சுட்டு அனுப்புகிறாள். விடுதிப் பிள்ளைகளுக்கும் கொடு.

வியாழக்கிழமை மறுபடி அந்த வகுப்புக்குப் போகிறாய் அல்லவா? 'இவன் சொன்னதைத்தான் இன்று சோதித்துப் பார்க்கப் போகிறோம்' என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, வெள்ளைத் துணியை அந்தப் பையன் கையில் கொடு. துடைத்துப் பார்த்துவிட்டு அவன் என்ன சொன்னான் என்று அன்றிரவே போன் செய். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்
அப்பா