கடலோரத்தில் பீம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு அமெச்சூர் வானொலிக்காரர்கள் பலர் பீம் ஆன்டெனாதான் (அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆன்டெனா) வேண்டும் என்று நிற்கிறார்கள். 14 மெகாஹெர்ட்ஸில் சரி, 10 மீட்டர் உயரமே போதும். 7 மெகாஹெர்ட்ஸில் அதே பலனுக்கு 20 மீட்டர் கோபுரம். தெரஸ் (வரிசை) வீட்டில் நடக்கிற காரியமா?

தெலுக் பஹாங் போல உப்புத் தண்ணீரை ஒட்டிய இடமென்றால், செங்குத்துக் கம்பத்தின் அலை தாழ்ந்த கோணத்தில் வெகுதூரம் போகும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர் செங்குத்துக் கம்பம் இரண்டை 10.5 மீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். அலை ஒரே திசையில் போக, இரண்டு கம்பங்களின் மின்னோட்டத்துக்கும் இடையே 90 பாகை கட்ட வித்தியாசம் வேண்டும். ஒரு கம்பத்துக்குக் கால் அலைநீளக் கேபிளைக் கூட்டினால் அது வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் கெடுக்கிறார்கள். அருகருகே நிற்கும்போது கம்பங்களின் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) சமமாக இருக்காது. 0.66 திசைவேகக் காரணியுள்ள (அலை ஒளிவேகத்தில் 66 சதவீத வேகத்தில் ஓடும்) 50 ஓம் கேபிளில் கம்பம் இரண்டுக்கும் 6.5 மீட்டர் (84 பாகை), ஒன்றுக்கு மட்டும் கூடுதலாக 5.5 மீட்டர் (71 பாகை). அந்தக் கூடுதல் துண்டை ரிலேயில் (மின்சார ஸ்விட்ச்) மற்றக் கம்பத்துக்கு மாற்றினால் திசை திரும்பும்.

செம்பும் அலுமினியமும் நேராகத் தொடக்கூடாது, உப்புக்காற்று அரித்துவிடும். நடுவில் எவர்சில்வர் வாஷர் போடுங்கள்.

வானொலி ஆர்வலர்,
பட்டர்வொர்த்