பொங்கலுக்கு வருமுன் படிக்க

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போவது பற்றி போனில் சொல்லத் தொடங்கினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைக்க ஆரம்பிக்கிறாள், பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. வேலைக்காலம் முழுக்க ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன், மகளுக்கு ஒன்று எழுதினால் என்ன என்று உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளும். நைட் டூட்டி முடிந்த தூக்கக் கலக்கத்தில் படிக்காதே.

தம்பி உன் வேலை உத்தரவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். லீட்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி, மூன்று வருஷ ஒப்பந்தம். நீ சம்பளப் பக்கத்தைப் பார்த்திருப்பாய். நான் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். பாதியில் வேலையை விட்டால் உன்னை அழைத்துவர ஆன செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். அங்கே இது வழக்கம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் எந்தெந்தச் செலவு, மொத்தம் எவ்வளவுக்கு மேல் போகாது, மாதம் ஆக ஆகத் தொகை குறையுமா என்று மின்னஞ்சலில் கேள். பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கி வை. வாயால் சொன்னதற்குப் பின்னால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நம் ஊர்க்காரர் ஒருவர் ஃபைலை நகர்த்தித் தருகிறேன் என்று பணம் கேட்டதாக அம்மா சொன்னாள். ஒரு பைசா கொடுக்காதே. வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவதை பிரிட்டனில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு நர்சுகளை எடுப்பதற்கென்று அந்த நாட்டு அரசு வைத்திருக்கும் நடத்தை விதியும் அதையேதான் சொல்கிறது. சந்தேகம் இருந்தால், 1978-ல் தொடங்கிய நம் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து உனக்கு எவ்வளவு தூரம்? ஒரு நடை போய் விசாரி.

இனி, உனக்குப் பிடிக்காத விஷயம். நீ, மாப்பிள்ளை, பேரன் மூன்று பேரும் ஒன்றாகவே விமானம் ஏறுவதாகச் சொன்னாய். நீ மட்டும் முதலில் போவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே ஐ.சி.யு.வில் இத்தனை வருஷம் நின்றவளாக இருந்தாலும், அங்கே பதிவு எண் கைக்கு வரும்வரை நீ நர்ஸ் கிடையாது. அதுவரை சம்பளமும் ஒரு படி கீழேதான். வேலை தொடங்கி 12 வாரத்துக்குள் ஓஸ்கி என்கிற செய்முறைத் தேர்வை முதல் தடவை எழுதியாக வேண்டும், 8 மாதத்துக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்கிறது விசா விதி. தேர்வில் பத்து ஸ்டேஷன், அதாவது பத்துக் கட்டம். ஊசி போடுவது உனக்குக் கை வந்த கலைதான். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற மாதிரி, நோயாளியிடம் பெயர் கேட்டு, சம்மதம் கேட்டு, ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்று நீயேதான் சொன்னாய். அந்த மாதங்களில் குழந்தைக்குக் காய்ச்சல், மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை, குளிருக்கு வீடு போதவில்லை என்று தலைக்கு மேல் பாரம் எதற்கு?

பணக் கணக்கும் அதையேதான் சொல்கிறது. இங்கிலாந்தில் வீட்டு முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, நல்ல சட்டம். அதை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற திட்டம் ஒன்றில் பாதுகாப்பாகப் போட்டு வைக்கவும் வேண்டும். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கு. ஆனாலும் முதல் சம்பளம் வரும்முன் வாடகையும் முன்பணமும் சேர்ந்து கையைக் கடிக்கும். நீ தனியாள் என்றால் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலோ நாலு நர்சுகளோடு ஓர் அறையிலோ சமாளித்துவிடுவாய்.

அதற்காக வருஷக்கணக்கில் தள்ளிப் போடவும் கூடாது. 2024 மார்ச் 11-ஆம் தேதியிலிருந்து, முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கிற கேர் வொர்க்கர் வேலைக்குப் புதிதாகப் போனவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது என்று ஆக்கினார்கள், 2025 ஜூலையில் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நர்சுகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் விதி எப்போது புரளும் என்று யாருக்குத் தெரியும்? ஐந்து வருஷத்தில் கிடைத்துவந்த, அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையைப் பத்து வருஷமாக்குவது பற்றி 2025-ல் அவர்கள் வெள்ளை அறிக்கையே வெளியிட்டார்கள். அதனால் ஓஸ்கி பாஸ் ஆன வாரமே மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் விண்ணப்பம் போட்டுவிடு. அதுவரை பேரன் எங்களோடு இருக்கட்டும். இதில் எங்களுக்கும் கொஞ்சம் சுயநலம் உண்டு, மறைக்கவில்லை.

வங்கிக் கணக்கு என் பேட்டை, அதனால் கவனமாகக் கேள். வெளிநாட்டுவாசி ஆனபின் இங்கே உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வரும் பணத்துக்கு வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடு. அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திற. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, வேண்டும்போது பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டும் போகலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிற்பாடு எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உன் பி.பி.எஃப். சேமிப்புக் கணக்கை மூட வேண்டாம். இங்கே இருக்கும்போதே தொடங்கிய கணக்கு என்பதால் 15 வருஷ முதிர்வு வரை தொடரலாம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது, அவ்வளவுதான். வருஷத்துக்கு 500 ரூபாயாவது போட மறந்தால் கணக்கு முடங்கும். அப்புறம், இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதே. வங்கி, ஆதார், வருமான வரி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. அனுப்பும்.

உன் பெயரில் உள்ள அந்த ஐந்து சென்ட் மனையைப் பார்த்துக்கொள்ள ஒரு பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி வைத்துவிடலாம். அங்கே போனபின் என்றால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்து, தபாலில் இங்கே வந்ததும் மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் என்று இழுக்கும். இங்கே இருக்கும்போதே பதிவு செய்வது சுலபம். ஆனால் எல்லா உரிமையும் தருகிற பொதுப் பவர் வேண்டாம். வரி கட்ட, வேலி போட, பட்டா விஷயமாக அலைய என்று குறிப்பிட்டு எழுது. விற்கும் உரிமை கூடாது. பவரை வாங்கிக்கொள்வது நானாகவே இருந்தாலும் கூடாது.

சாமான் விஷயம் அம்மாவுடைய பொறுப்பு, ஆனால் அவளைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. இப்போதே நெய் காய்ச்சுவது பற்றிப் பேசுகிறாள். பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா எதுவும் ஆகாது. முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் தாராளமாகக் கொண்டுபோ. கருவாட்டுக்குக்கூட சட்டத்தில் இடமிருக்கிறது. விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர்தான் என்ன சொல்வாரோ. குளிர்ச் சட்டையை இங்கே வாங்கிக் காசை வீணாக்காதே. போவதற்கு முன் பல்லை மட்டும் காட்டிவிட்டுப் போ. என்.எச்.எஸ். என்கிற அந்த நாட்டு அரசு மருத்துவ சேவையில் பல் டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு என்கிறார்கள். அங்கே டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நம்மைப் போன்ற நிறக்காரர்கள் வருஷம் முழுக்க வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது என்று என்.எச்.எஸ்.ஸே சொல்கிறது. நர்சுக்கு நான் மருந்து சொல்கிறேன், சிரிக்காதே.

கடைசியாக, போனில் சொல்ல முடியாத விஷயம். எனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் தம்பி முதலில் உனக்கு ரிப்போர்ட்டைத்தான் அனுப்புவான். படித்துப் பார்த்தால் வர வேண்டுமா, வேண்டாமா என்று உனக்கே தெரியும். யாராவது மாமா, சித்தப்பா போன் செய்து ‘ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ’ என்றால் அதைக் கணக்கில் எடுக்காதே. தம்பி சொல்வது மட்டும்தான் சேதி. நான் போய்விட்டால், என்னை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துவிட்டு ஊரே உன் விமானம் எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். தம்பியிடம் சொல்லிவிட்டேன், அவன் செய்ய வேண்டியதைச் செய்வான். நீ லீவு கேட்டு, நல்ல விலைக்கு டிக்கெட் பார்த்து, பதினாறாம் நாளுக்கு வா. தேர்வு நேரமாக இருந்தால் எழுதி முடித்துவிட்டே வா.

அம்மா இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் விஷயத்தில் எப்படியோ போகட்டும், அவள் விஷயத்தில் நீ எந்த நாட்டில் இருந்தாலும் வந்துதான் ஆக வேண்டுமாம். குறித்துக்கொள்.

பொங்கலுக்கு வரும்போது மார்க் ஷீட், நர்சிங் கவுன்சில் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாவற்றின் ஒரிஜினலும் எடுத்து வா. ஒன்றையும் லேமினேஷன் செய்யாதே. பள்ளிச் சான்றிதழில் உன் பெயருக்கு முன் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் என் முழுப் பெயர். எது எதோடு ஒத்துப்போகவில்லை என்று உட்கார்ந்து பார்ப்போம். அங்கே வார்டில் எல்லோரும் உன்னை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று தம்பி சிரிக்கிறான். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

போகிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. விடுமுறை தொடங்கிவிட்டால் சார்பதிவாளர் ஆபீசில் வேலை நடக்காது. பேரனுடைய கால் அளவை ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா செருப்பு வாங்கி வைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா
நாகர்கோவில்